கடலுக்கு அளந்த கோடு, மலைக்கு ஊர்ப் பட்டியல்: சேலத்திலிருந்து மனை வாங்குவோர் குழம்பும் இரண்டு ஒழுங்குமுறைகள்

ஓய்வுக்கால வீட்டுக்கு இடம் தேடும் சேலத்துக்காரர்கள் பெரும்பாலும் இரண்டு பக்கம் பார்க்கிறார்கள். ஒன்று தலைக்கு மேலே இருக்கும் ஏற்காடு. மற்றொன்று கிழக்கே மரக்காணம், கடலூர், வேளாங்கண்ணி என்று நீளும் கடற்கரை. இரண்டு இடத்திலும் விற்பவர் சொல்வது ஒன்றுதான்: “கிளியர் பட்டா, உடனே பத்திரம்.” அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. பட்டாவும் பத்திரமும் சரியாகவே இருந்து, அந்த இடத்தில் ஒரு செங்கல்கூட வைக்க முடியாமல் போகலாம். கடற்கரையில் அதற்குக் காரணம் சி.ஆர்.இசட் எனப்படும் கடலோர ஒழுங்குமுறை மண்டலம். மலையில் காரணம் ஹாக்கா எனப்படும் மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம். இரண்டும் ஒரே நோக்கத்தில் பிறந்தவை என்றாலும் வேலை செய்யும் விதம் வேறு. அந்த வேறுபாடு புரியாததால்தான் பலர் பணத்தை முடக்குகிறார்கள்.

பட்டா, பத்திரம், அனுமதி

பட்டா வருவாய்த் துறையின் ஆவணம். நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதை அது சொல்லும். பத்திரம் பதிவுத் துறையின் ஆவணம், நிலம் கைமாறியதைச் சொல்லும். அந்த நிலத்தில் என்ன செய்யலாம் என்பதை இரண்டுமே சொல்லாது. அதை நகர் ஊரமைப்புச் சட்டமும் சுற்றுச்சூழல் சட்டமும் தீர்மானிக்கின்றன.

அங்கீகாரமில்லாத மனைப்பிரிவுகளைப் பதிவு செய்ய 2016 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. அதனால் “பதிவாகிவிட்டது என்றால் எல்லாம் சரி” என்ற எண்ணம் பரவியிருக்கிறது. மனையாகப் பிரிக்காமல் தோட்டம், புன்செய் என்று ஏக்கர் கணக்கில் விற்கும்போது அந்தத் தடை குறுக்கே வராது. ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தின் ஒரு துண்டும், கடலோரத்தில் சவுக்குத் தோப்பின் ஒரு துண்டும் இப்படித்தான் கைமாறுகின்றன.

கடற்கரை விதி எங்கிருந்து வந்தது

1981இல் அன்றைய பிரதமர் இந்திரா காந்தி, கடலோர மாநில முதலமைச்சர்களுக்குக் கடிதம் எழுதினார். அலை ஏறும் எல்லையிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுமானம் கூடாது என்பது அதன் சாரம். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986இல் வந்தது. அதன் கீழ் 1991 பிப்ரவரி 19இல் முதல் சி.ஆர்.இசட் அறிவிக்கை வெளியானது. அதை மாற்றி 2011 ஜனவரி 6இல் இரண்டாவதும், 2019 ஜனவரி 18இல் மூன்றாவதும் வந்தன.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. 2019 அறிவிக்கையின் தளர்வுகள் தாமாக நடைமுறைக்கு வருவதில்லை. அந்த அறிவிக்கையின்படி திருத்திய கடற்கரை மண்டல மேலாண்மைத் திட்டம் (எந்த இடம் எந்த வகையில் வருகிறது என்று காட்டும் வரைபடத் தொகுப்பு) ஒப்புதல் பெற்ற பிறகுதான் அவை செல்லும். அதுவரை 2011 விதிகளே பொருந்தும். “தடை இப்போது 50 மீட்டர்தான் சார்” என்று ஒருவர் சொன்னால் கேட்க வேண்டிய கேள்வி: இந்த மாவட்டத்துக்கு எந்த அறிவிக்கையின்படி தயாரித்த வரைபடம் நடப்பில் இருக்கிறது?

எங்கிருந்து அளப்பது

கட்டுமானத் தடைக்கான தூரமெல்லாம் உயர் அலைக் கோட்டிலிருந்துதான் கணக்கு. கடல்நீர் அன்றாடம் ஏறி இறங்குவதை ஓதம் என்பார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய ஓதத்தின்போது கடல்நீர் நிலத்தில் ஏறும் உச்சம் அது. நாம் போய் நிற்கும் நேரத்தில் கால் நனையும் இடம் அந்தக் கோடாகாது. தமிழகக் கரையில் ஓத ஏற்ற இறக்கம் சுமார் ஒரு மீட்டர் அளவில்தான் இருக்கிறது. ஆனால் மணல்வெளி தாழ்வாகச் சரிகிறது. 30 மீட்டருக்கு ஒரு மீட்டர் சரியும் கடற்கரையில், தாழ்வோத நேரத்து ஈர மணலுக்கும் உயர் அலைக் கோட்டுக்கும் 30 மீட்டர் வித்தியாசம் வந்துவிடும். விற்பவர் ஈர மணலிலிருந்து டேப் பிடித்து 220 மீட்டர் காட்டினால், சட்டத்தின் கணக்கில் அது 190ஆக இருக்கும். 200 மீட்டர் தடை உள்ள ஊரில் அந்த 10 மீட்டர் குறைவு மனையின் தலையெழுத்தையே மாற்றிவிடும்.

இந்தக் கோட்டைத் தனியார் சர்வேயர் வரைய முடியாது. சென்னையில் உள்ள தேசிய நிலைத்த கடற்கரை மேலாண்மை மையம் வரையறுத்த கோட்டையே 2019 அறிவிக்கை பொதுத் தரமாக ஏற்கிறது. திட்டங்களுக்கு விண்ணப்பிக்கும்போது, அங்கீகாரம் பெற்ற நிறுவனம் 1:4,000 அளவில் தயாரித்த வரைபடத்தில் மனையைப் பொருத்திக் காட்ட வேண்டும்.

கடலோரம் பழக்கமில்லாதவர்கள் அதிகம் ஏமாறுவது கழிமுகத்திலும் உப்பங்கழியிலும்தான். கடல் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் கவலை இல்லை என்று நினைப்பார்கள். ஓத நீர் ஏறும் கழி, ஆறு, கால்வாய் எதன் கரையும் சி.ஆர்.இசட்தான். ஆண்டின் வறண்ட காலத்தில் நீரின் உப்புத்தன்மை ஆயிரத்தில் 5 பங்கு இருக்கும் இடம் வரை ஓதத்தின் பாதிப்பு உண்டு என்று சட்டம் கொள்கிறது. அங்கே கட்டுப்பாட்டு அகலம் 2011இன்படி 100 மீட்டர், 2019இன்படி 50 மீட்டர். கழியின் அகலம் அதைவிடக் குறைவு என்றால் அந்த அகலம் மட்டும். முட்டுக்காடு, பிச்சாவரம் போன்ற இடங்களில் “பேக்வாட்டர் வியூ” என்று விற்கும்போது இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நான்கு வகைகள்

1. முதல் வகை: அலையாத்திக் காடு, பவளப்பாறை, மணற்குன்று, ஆமை முட்டையிடும் இடம், கடற்புல் படுகை, உவர் சதுப்பு ஆகியவை. ஓதம் ஏறி இறங்கும் இடைப்பட்ட கரையும் இதில் அடங்கும். ஆயிரம் சதுர மீட்டருக்கு, அதாவது ஏறத்தாழ 25 செண்டுக்கு, மேற்பட்ட அலையாத்திக் காட்டைச் சுற்றி 50 மீட்டர் காப்பு வளையமும் உண்டு. இங்கே வீடு என்ற பேச்சே இல்லை.

2. இரண்டாம் வகை: கரை வரை ஏற்கெனவே கட்டடம் நிறைந்த நகர்ப்பகுதி. ஏற்கெனவே உள்ள சாலை அல்லது அனுமதி பெற்ற கட்டடத்துக்கு நிலப்பக்கமாகக் கட்டலாம். கடல்பக்கமாகக் கூடாது.

3. மூன்றாம் வகை: கிராமப்புறக் கரை. சேலத்தவர் வாங்கும் மனைகளில் பெரும்பாலானவை இதில்தான் விழும். 2011இன்படி முதல் 200 மீட்டர் (656 அடி) வளர்ச்சித் தடைப் பகுதி. 2019 இதை இரண்டாகப் பிரித்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் இடத்தில் தடை 50 மீட்டராகச் சுருங்குகிறது. மற்ற இடங்களில் 200 மீட்டரே நீடிக்கிறது. தடைக்கு அப்பால் 500 மீட்டர் வரை நிபந்தனையோடு கட்டலாம்.

4. நான்காம் வகை: தாழ் அலைக் கோட்டிலிருந்து 12 கடல் மைல் வரையுள்ள கடற்பரப்பும், ஓதம் ஏறும் நீர்நிலைகளும்.

சொந்தக் குடியிருப்புக்கு 300 சதுர மீட்டர், அதாவது சுமார் 3,229 சதுர அடி, கட்டுமானப் பரப்பு வரை 2019 விதியில் ஒரு சலுகை உண்டு. மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் பரிந்துரை இல்லாமல் உள்ளாட்சி அமைப்பே முடிவெடுக்கலாம். இதை “சின்ன வீட்டுக்கு சி.ஆர்.இசட் இல்லை” என்று திரித்துச் சொல்கிறார்கள். அப்படியில்லை. முடிவெடுக்கும் அலுவலகம்தான் மாறுகிறது, விதி மாறுவதில்லை. தடைப் பகுதிக்குள் அந்தச் சலுகை புது வீட்டுக்கு வழி திறக்காது.

கடலோரத்தில் நடக்கும் மிக மோசமான சேதம் மணற்குன்றைச் சமப்படுத்துவது. அது சட்டப்படியே தடை செய்யப்பட்ட செயல். குன்று புயல் அலையின் வேகத்தைத் தாங்குகிறது. மழைநீரைத் தன்னுள் பிடித்து வைத்து, அடியில் உப்புநீர் ஏறாமல் பார்த்துக்கொள்கிறது. அதை வழித்தெடுத்து மனைக்கல் நட்ட இடத்தில் பக்கத்து மீனவர் குப்பத்தின் கிணறும் சேர்ந்து உவர்க்கும். நல்ல தண்ணீருக்கு அந்தக் கிணற்றைத் தவிர வழியில்லாத மக்கள் அவர்கள். நிலத்தடி நீரை மோட்டார் வைத்து இறைப்பதற்குக் கடலோரத்தில் கட்டுப்பாடு இருப்பதும் இதனால்தான். தோட்டமும் நீச்சல் குளமும் கொண்ட வார இறுதி வீடு என்ற கனவு பெரும்பாலும் தண்ணீர் விஷயத்தில்தான் முட்டி நிற்கிறது.

உள்ளாட்சி அனுமதி இருந்தும் இடிந்தவை

கொச்சியை ஒட்டிய மரடில் கழியோரம் நான்கு அடுக்குமாடி வளாகங்கள் இருந்தன. பஞ்சாயத்து 2006இல் கட்டட அனுமதி கொடுத்திருந்தது. மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் ஒப்புதல் இல்லை. 2019 மே 8இல் உச்ச நீதிமன்றம் இடிக்க உத்தரவிட்டது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் நான்கும் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. உரிமையாளர்களுக்கு இடைக்கால இழப்பீடாகத் தலா 25 லட்சம் ரூபாய் தர உத்தரவானது. அங்கே குடியிருந்தவர்கள் வங்கிக் கடன் வாங்கி, வரி கட்டி, மின் இணைப்புப் பெற்று வாழ்ந்தவர்கள். பஞ்சாயத்து அனுமதி அவர்களைக் காப்பாற்றவில்லை. மேலே இருந்து வர வேண்டிய அனுமதி இல்லாதபோது கீழே கொடுத்த அனுமதிக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. இந்த ஒரு விஷயத்தில் கடலும் மலையும் ஒன்று.

ஏற்காட்டில் என்ன முறை

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் சூழல் உணர்திறன் பகுதி பற்றி காட்கில் குழு, கஸ்தூரிரங்கன் குழு என்று செய்திகளில் அடிபடுகிறதே, அது ஏற்காட்டுக்குப் பொருந்தாது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது.

ஏற்காட்டுக்குப் பொருந்துவது மாநில அரசு 1990இல் அமைத்த ஹாக்கா முறை. இதன் அடிப்படை வருவாய்க் கிராமங்களின் பட்டியல். உங்கள் கிராமம் அதில் இருந்தால், மனைப்பிரிவுக்கோ கட்டடத்துக்கோ நகர் ஊரமைப்புத் துறை அனுமதி தருவதற்கு முன் வேறு துறைகளின் தடையின்மைச் சான்று வேண்டும்:

1. வனத்துறை. இடம் காப்புக்காட்டை ஒட்டியிருக்கிறதா, தனியார் காடு என அறிவிக்கப்பட்டதா, என்னென்ன மரங்கள் நிற்கின்றன என்று பார்க்கும்.
2. புவியியல் மற்றும் சுரங்கத் துறை. பாறை, மண், சரிவு, வெட்டினால் நிற்குமா என்று பார்க்கும்.
3. வேளாண் பொறியியல் துறை. மண் அரிப்பு, நீரோட்டம், ஓடைகளைப் பார்க்கும்.

இதோடு 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டமும் சேரும். சொந்தப் பட்டா நிலத்தில் நிற்கும் மரமானாலும் அனுமதியில்லாமல் வெட்ட முடியாது. “இடத்தைச் சுத்தம் பண்ணித் தருகிறோம்” என்று விற்பவர் முன்கூட்டியே மரங்களைச் சாய்த்திருந்தால், அந்த வில்லங்கமும் வாங்குபவரைத் தேடி வரும்.

இந்த முறையில் எனக்குக் குறையாகப் படுவது ஒன்று உண்டு. கடலோரத்தில் வரைபடம் முதலில், மனை பிறகு. 1:4,000 அளவில் ஒரு சென்டிமீட்டர் என்பது 40 மீட்டர். 60 அடி மனை அதில் நான்கைந்து மில்லிமீட்டராகத் தெரியும். பணம் கொடுப்பதற்கு முன்பே எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று பார்த்துவிடலாம். மலையிலோ முதலில் கிடைப்பது ஊர்ப் பெயர் மட்டும். ஒரே கிராமத்துக்குள் சமதளமும் இருக்கும், கிடுகிடு பள்ளமும் இருக்கும். எது எது என்பது விண்ணப்பித்து, அதிகாரிகள் வந்து பார்த்த பிறகுதான் தெரியவரும். அதற்குள் பத்திரம் முடிந்திருக்கும். இந்தியப் புவியியல் ஆய்வகத்தின் நிலச்சரிவு வாய்ப்பு வரைபடங்கள் 1:50,000 அளவிலானவை. அதில் ஒரு சென்டிமீட்டர் என்றால் அரைக் கிலோமீட்டர். உங்கள் மனை ஒரு புள்ளி அளவுகூட வராது. ஏற்காடு தாலுகாவுக்குப் புல எண் வாரியாகச் சரிவும் ஓடையும் குறித்த வரைபடத்தை அரசு வெளியிட்டால், பாதித் தவறுகள் பேச்சுவார்த்தை நிலையிலேயே நின்றுவிடும். இது செய்யக் கூடிய வேலை. செய்தே ஆக வேண்டிய வேலையும்கூட.

சரிவின் கணக்கு

மலையில் விதி எதற்கு என்பதைப் புரிந்துகொள்ள எண்களே போதும். மூன்றடி போனால் ஓரடி இறங்கும் சரிவை எடுத்துக்கொள்வோம். கண்ணுக்கு மென்மையாகத் தெரியும் சரிவு அது, கோணத்தில் சுமார் 18 பாகை. அதில் முன்பின்னாக 30 அடி உள்ள சமதளம் வேண்டுமென்றால், முழுவதும் வெட்டி எடுத்தால் பின்பக்கம் 10 அடி உயரச் செங்குத்துச் சுவர் நிற்கும்.

செலவைக் குறைக்கப் பாதி வெட்டிப் பாதி கொட்டுவார்கள். பின்பக்கம் 5 அடி வெட்டு, முன்பக்கம் 5 அடி கொட்டிய மண். வீட்டின் ஒரு பாதி பழைய மண்ணிலும் மறுபாதி புது மண்ணிலும் உட்காரும். புது மண் இரண்டு மூன்று மழைக்கு அமுங்கும், பழையது அமுங்காது. இரண்டும் சேரும் கோட்டின் மேலேயே தரையும் சுவரும் விரியும். ஏற்காடு வீடுகளில் நடுக்கூடத்தில் நீளமாக விரிசல் தெரிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

தாங்கு சுவருக்கு இன்னொரு கணக்கு. மண் தள்ளும் விசை உயரத்தின் வர்க்கத்தில் ஏறும். 5 அடிச் சுவர் 10 அடியானால் தள்ளுவிசை நான்கு மடங்கு, சுவரைக் கவிழ்க்கும் திருப்புவிசை எட்டு மடங்கு. 5 அடிக்குப் போட்ட அகலத்திலேயே கல்லை உயர்த்திக் கட்டிக்கொண்டு போனால் சுவர் முதல் பெருமழையில் வயிறு தள்ளும். அதற்குமேல் தண்ணீர். சுவரின் பின்னால் நீர் தேங்கினால் மண்ணின் அழுத்தத்தோடு நீரின் அழுத்தமும் சேரும். மூன்று நான்கு அடிக்கு ஒன்றாக வடிகுழாய் வைத்து, அதன் பின்னால் ஜல்லி வடிகட்டி போட வேண்டும். ஜல்லியை விட்டுவிட்டுக் குழாயை மட்டும் செருகினால், செம்மண் அடைத்து ஓராண்டில் அது வெறும் அலங்காரமாகிவிடும்.

சேர்வராயனின் பாறை சார்னோக்கைட் என்ற கடினப் பாறை. அது சிதைந்து செம்மண்ணாகும்போது சிதையாத உருண்டைப் பாறைகள் நடுநடுவே தங்கிவிடும். வெட்டும் நாளில் அவை உறுதியாகத் தெரியும். சுற்றியுள்ள மண் ஊறியதும் அவைதான் முதலில் உருளும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண்ணும் பாறையும் சரிந்து போக்குவரத்து நின்றது. புதுச்சேரி அருகே கரையேறிய புயல்தான் அது. கடற்கரைக்கும் மலைக்கும் ஒரே மழையில் சோதனை வந்தது.

கவனிக்காமல் விடும் இன்னொன்று கழிவுநீர். நான்கு பேர் குடும்பம் நாளைக்குச் சுமார் 400 லிட்டர் விடும். பத்து அறை ரிசார்ட் அதைப்போல் பல மடங்கு விடும். உறிஞ்சு குழியை வெட்டுச் சுவருக்கு மேல்பக்கம் தோண்டினால், மழையில்லாத நாளிலும் சரிவு ஈரமாகவே இருக்கும். குழி கீழ்ப்பக்கத்தில், சுவரையும் ஓடையையும் விட்டுத் தள்ளி இருக்க வேண்டும்.

மேலே செய்வது கீழே வந்து சேரும். திருமணிமுத்தாறும் சரபங்காவும் இந்த மலையில் பிறப்பவை. கன்னங்குறிச்சி மூக்கனேரிக்கு வரும் நீரும் இதே சரிவுகளிலிருந்துதான். மலையில் ஓடையை மூடி வீடு கட்டினால் தண்ணீர் வேறு வழி தேடும். தளர்ந்த மண் ஏரியில் வண்டலாகப் படியும். ஏரி கொள்ளாத தண்ணீர் சேலத்தின் தாழ்வான தெருக்களில் நிற்கும். ஏற்காட்டு விதி ஏற்காட்டுக்கு மட்டுமானதாக இல்லாதது இதனால்தான்.

முன்பணம் கொடுக்கும் முன்

1. பட்டா, சிட்டா, ‘அ’ பதிவேடு, புலப்பட வரைபடம், 30 ஆண்டு வில்லங்கச் சான்று ஆகியவற்றை வாங்குங்கள். அரசு ஒப்படைத்த நிபந்தனைப் பட்டா என்றால் நிபந்தனையை வரிவரியாகப் படியுங்கள்.
2. கடலோரம் என்றால், புல எண்ணை மாவட்டக் கடற்கரை மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் பாருங்கள். ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவிடம் எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தை பின்னால் உதவாது.
3. மலை என்றால், வருவாய்க் கிராமம் ஹாக்கா பட்டியலில் உள்ளதா என்று சேலம் நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் உறுதி செய்யுங்கள். அடிவார ஊர் என்று அசட்டையாக விடாதீர்கள்.
4. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அல்லது எட்டு மனைக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் ரெரா (மனை வணிக ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் கேளுங்கள்.
5. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் இடத்தைப் பாருங்கள். கோடையில் தெரியாத ஓடை அன்று தெரியும். சாய்ந்து வளைந்த மரம், புதிதாகப் பிளந்த தரை, கலங்கிய ஊற்று இருந்தால் புவியியலாளர் பார்க்காமல் மேலே போகாதீர்கள்.
6. “அனுமதி கிடைத்த பிறகே மீதித் தொகை” என்ற நிபந்தனையை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். விற்பவர் இதற்கு மறுத்தால், அவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் கட்டத் தொடங்கும் முன் விண்ணப்பித்துவிட வேண்டும். கடலோரத்தில் விதி மீறினால், 2024 ஏப்ரல் முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அபராதம் கட்டினால் கட்டடம் முறைப்பட்டுவிடாது. மறுப்பு வந்தால் காரணத்தை எழுத்தில் பெறுங்கள். மலையில் மறுப்பு பெரும்பாலும் மனையின் ஒரு பகுதியின் சரிவைப் பற்றியதாக இருக்கும். கட்டடத்தை மேல்பகுதிச் சமதளத்துக்கு நகர்த்தி, அளவைக் குறைத்து, தரையை வெட்டாமல் தூண்களின் மேல் நிறுத்தும் வரைபடத்தோடு மறுபடி விண்ணப்பிக்கலாம். கடலோரத் தடைப் பகுதிக்குள் அந்த வழி கிடையாது. அங்கே நிலத்தைச் சவுக்காகவோ தென்னையாகவோ வைத்துக்கொள்ளலாம், வீட்டைக் கோட்டுக்கு அப்பால் தேட வேண்டும்.